ரோம் விட்டேக்கரும் நம் செம்பனைத் தோட்டத்துப் பாம்புகளும்

2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துச் சதுப்புக்காட்டில் தமிழ்நாட்டு இருளர் பழங்குடியினர் இருவர் மலைப்பாம்பு தேடி இறங்கினார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால் என்பது அவர்கள் பெயர். வீட்டில் வளர்க்க வாங்கிப் பிறகு கைவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் அங்கே பெருகி, காட்டிலிருந்த முயல்களையும் ரக்கூன்களையும் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. முந்தைய ஆண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேட்டைக்காரர்கள் ஒரு மாதம் போட்டி போட்டு அலைந்து பிடித்தவை 106. நம்மவர் இருவரும் இரண்டு வாரம் முடிவதற்குள் 13 பிடித்துவிட்டார்கள். அதில் ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு. புல் சாய்ந்து கிடக்கும் விதம், எச்சம், உரித்துப் போட்ட சட்டை ஆகியவற்றை வைத்தே பாம்பு போன திசையைச் சொல்லிவிடக் கூடியவர்கள் அவர்கள்.

2023-ல் இந்திய அரசு அவர்கள் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளித்தது. ஐந்தாண்டுகளுக்கு முன்பு, 2018-ல், அதே விருதைப் பெற்றவர் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் (ரோம்) விட்டேக்கர். இருளர்களின் திறமை உலகத்தின் கண்ணில் பட்டதற்கு அவரே முதல் காரணம்.

ஜொகூர் வீடுகளில் தொலைக்காட்சி விலங்கு மனிதர் என்றால் ஸ்டீவ் இர்வின் முகம்தான் முதலில் நினைவுக்கு வரும். காக்கி அரைக்கால் சட்டையும் முதலையின் முதுகில் பாயும் வேகமுமாக ஒரு தலைமுறைப் பிள்ளைகளைத் திரைமுன் உட்கார வைத்தவர். 2006 செப்டம்பர் 4-ஆம் தேதி, ஆஸ்திரேலியக் கடலில் படப்பிடிப்பின்போது திருக்கை மீனின் முள் பாய்ந்து, 44 வயதில் இறந்தார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. வந்த பணத்தில் காட்டு நிலங்களை வாங்கிப் பாதுகாத்தவர் அவர். ஆனால் நம் மொழி பேசும் மண்ணில் அவருக்கு முன்பே வேலையைத் தொடங்கிய ஒருவரை நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லையே என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

விட்டேக்கர் 1943-ல் நியூயார்க்கில் பிறந்தவர். சிறுவயதில் பாம்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அவருடைய தாய் அலறவில்லை, அடித்துக் கொல்லவும் இல்லை. பாம்புகளைப் பற்றிய புத்தகம் வாங்கிக் கொடுத்தார். அந்தத் தாய் பிறகு சமூகச் சீர்திருத்தவாதி கமலாதேவி சட்டோபாத்யாயாவின் மகன் ராமாவை மணந்துகொள்ள, 1951-ல் குடும்பம் இந்தியாவுக்கு வந்தது. கொடைக்கானல் பள்ளி விடுதியில் கட்டிலுக்கு அடியில் மலைப்பாம்பு வளர்த்த மாணவர் இவர். கல்லூரிப் படிப்பு ஒட்டவில்லை. மயாமியில் பாம்பு நஞ்செடுக்கும் நிலையம் நடத்திய பில் ஹாஸ்ட்டிடம் தொழில் கற்றார். வியட்நாம் போர்க்காலத்தில் கட்டாய ராணுவ சேவையை மருத்துவ ஆய்வுக்கூடத்தில் முடித்துவிட்டு 1967-ல் இந்தியா திரும்பினார். 1969-ல் தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் பாம்புப் பண்ணை தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதல் பாம்புப் பண்ணை. 1972-ல் அது கிண்டிக்கு இடம் மாறியது. 1975-ல் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1976-ல் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் சென்னை முதலைப் பண்ணை உருவானது.

இவ்வளவுக்கும் பிறகுதான் உலகத் தொலைக்காட்சி அவரைத் தேடி வந்தது. நேஷனல் ஜியாகிரபிக் நிறுவனத்துக்காக அவர் எடுத்த 53 நிமிட ராஜநாகப் படம் 1998-ல் எம்மி விருது பெற்றது. 2005-ல் கிடைத்த விட்லி விருதுப் பணத்தைக் கர்நாடகத்தின் ஆகும்பேயில் மழைக்காட்டு ஆய்வு நிலையம் அமைக்கப் போட்டார். புகழையும் பணத்தையும் திரும்பக் காட்டிலேயே கொண்டுபோய் வைத்த இந்தப் பழக்கம்தான் அவரைப் படப்பிடிப்பு முடிந்ததும் விமானம் ஏறிவிடுகிறவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது.

ஆனாலும் அவருடைய மிகப் பெரிய வேலை படம் அல்ல, ஒரு கூட்டுறவுச் சங்கம்.

இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்துத் தோலை விற்று வாழ்ந்தவர்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடைசெய்யப்பட்டது. பாம்புகளுக்கு அது நல்ல சட்டம். ஆனால் இருளர் வீடுகளில் அடுப்பு அணைந்துவிட்டது. தோல் வியாபாரத்தை எதிர்த்துப் பேசியவர்களில் விட்டேக்கரும் ஒருவர். தன் பேச்சின் விளைவு யார் தலையில் விழுகிறது என்று திரும்பிப் பார்த்தார் என்பதே அவரிடம் நான் மதிக்கும் குணம். 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. இனி பாம்பைக் கொல்ல வேண்டாம். உயிரோடு பிடித்து, நஞ்சை எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடலாம்.

வடநெம்மேலியில் அதை நேரில் பார்க்கலாம். வரிசையாக மண்பானைகள். ஒவ்வொன்றின் வாயிலும் துணி கட்டியிருக்கும். உள்ளே நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் என்று நான்கு வகைகள். துணியை அவிழ்த்து, கம்பியால் மெல்ல வெளியே எடுத்து, தலைக்குப் பின்னால் இரண்டு விரலால் பிடிக்கிறார்கள். சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பை அது கடிக்கிறது. மஞ்சளாக இரண்டொரு சொட்டு இறங்கும். அவ்வளவுதான். பாம்பு மறுபடி பானைக்குள். சில வாரங்களுக்கு வாரம் ஒருமுறை இப்படி எடுத்துவிட்டு, அதே பாம்பு மீண்டும் பிடிபட்டால் தெரியும்படி வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி வெளியே விட்டுவிடுகிறார்கள். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு அரசு அனுமதி வேண்டும். உறைய வைத்து உலர்த்திய அந்த நஞ்சுதான் இந்தியாவின் நஞ்சுமுறி மருந்துக்கு அடிப்படை.

இதில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சில் செய்த மருந்து, தொலைதூர மாநிலத்துப் பாம்புக்கடியில் அதே அளவு வேலை செய்வதில்லை. இதை எடுத்துச் சொன்னவர்களில் விட்டேக்கரும் இருக்கிறார். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று கணக்கிட்ட 2020-ஆம் ஆண்டு ஆய்வின் ஆசிரியர்களிலும் அவர் ஒருவர். பாம்பை நேசிப்பவர் பாம்பால் செத்தவர்களையும் எண்ணினார். இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள்.

இந்த இடத்தில்தான் கதை நம் ஜொகூருக்கு வருகிறது. குளுவாங், கோத்தா திங்கி, சிகாமாட் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் வேலை பார்த்த எவரிடமும் கேளுங்கள். வரிசைகளுக்கு இடையே அடுக்கிப் போட்ட வெட்டு மட்டைக் குவியல்தான் எலிக்கு வீடு. எலி இருந்தால் பாம்பு வரும். எலி பழக்குலையைத் தின்கிறது என்பதற்காகத் தோட்ட நிர்வாகங்கள் கூண்டு வைத்து ஆந்தை வளர்க்கின்றன. அதே எலியைத் தின்னும் பாம்பைக் கண்டால் பாராங் கத்தி ஓங்கப்படுகிறது. அச்சம் இயல்பு. மட்டைக்கு அடியில் கை விட்டு உதிரிப்பழம் பொறுக்குகிற அம்மாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவருக்குத் தேவை காலுக்குப் பூட்ஸ், குவியலைக் கிளறிப் பார்க்க ஒரு கொக்கிக் கம்பி, பாம்பு வந்தால் கூப்பிட ஓர் ஆள்.

அப்படிக் கூப்பிட்டால் வருகிற ஆளாக நம் நாட்டில் ஒருவர் வாழ்ந்தார். பகாங்கைச் சேர்ந்த தீயணைப்பு வீரர் அபு ஸாரின் ஹுசின். ஊருக்குள் வரும் பாம்பைக் கொல்லாமல் பிடிக்க நாடு முழுவதும் சக வீரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஆசிய அளவிலான தொலைக்காட்சித் திறன் போட்டியிலும் பாம்புகளோடு தோன்றினார். 2018 மார்ச்சில் பணியின்போது நாகம் கடித்து இறந்தார். வயது 33. இன்று நம் வீட்டு வாசலுக்கு வரும் தீயணைப்புப் படையினரும் பொது தற்காப்புப் படையினரும் பாம்பை உயிரோடு சாக்கில் கட்டிக்கொண்டு போவதில் அவருடைய பங்கும் இருக்கிறது.

ராஜநாகத்திலும் நமக்கொரு உறவு உண்டு. உலகம் முழுவதும் ஒரே இனம் என்று நினைத்திருந்த ராஜநாகத்தை ஆய்வாளர்கள் 2024-ல் நான்கு இனங்களாகப் பிரித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது ஒன்று, நம் தீபகற்பத்தில் இருப்பது வேறொன்று. அந்த ஆய்வில் பங்கெடுத்த கௌரி சங்கர் ஆகும்பேயில் ராஜநாகத்தை ஆராய்ந்தவர். மற்றொருவரான இந்திரனில் தாஸ், ஒரு காலத்தில் சென்னை முதலைப் பண்ணையோடு பணியாற்றிப் பிறகு மலேசிய சரவாக் பல்கலைக்கழகத்துக்கு வந்த பேராசிரியர். விட்டேக்கர் போட்ட விதை கடல் தாண்டி நம் நாட்டிலும் முளைத்திருக்கிறது.

விட்டேக்கர் இருளர்களிடம் கண்டதை நாம் ஜொகூர்-பகாங் எல்லையிலுள்ள எண்டாவ்-ரொம்பின் காட்டில் காண வேண்டும். 1977-ல் அந்தக் காட்டின் பகாங் பகுதியில் மரம் வெட்ட உரிமம் கொடுத்தபோது மக்கள் எதிர்த்து நின்றார்கள். 1985-86-ல் மலாயா இயற்கைச் சங்கம் ஆய்வுப் பயணம் நடத்தி அதன் அருமையை நாட்டுக்குக் காட்டியது. ஜொகூர் பகுதி 1993-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கஹாங் வழியாகச் செம்மண் பாதையில் போனால் நுழைவாயிலில் கம்போங் பெத்தா. அங்கே வாழும் ஜகூன் பூர்வக்குடியினருக்கு அந்தக் காட்டின் ஒவ்வொரு ஓடையும் தெரியும். அவர்களில் சிலர் இப்போது வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். அது போதாது. அவர்கள் சொல்லும் செய்தியை அறிவியல் ஏடுகள் அவர்கள் பெயரோடு பதிய வேண்டும். காட்டைக் காப்பதில் வரும் வருமானத்தில் முதல் பங்கு அவர்களுடையதாக இருக்க வேண்டும். காட்டை அறிந்தவனுக்குக் காடு சோறு போடாவிட்டால், எந்தச் சட்டமும் அங்கே நிற்காது. இருளர் சங்கம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதை நிரூபித்துக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கோ லயத்துக்கோ பாம்பு வந்தால் எட்டி நில்லுங்கள், அதன் போக்கைக் கவனித்துக்கொண்டே 999-ஐ அழையுங்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். பாம்பின் வகையைப் பொறுத்து மருந்து மாறும். நம் நாட்டு நாகத்துக்கான மருந்து தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்திலிருந்து வருகிறது. முடிந்தால் தூரத்தில் நின்று கைப்பேசியில் பாம்பைப் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அதைக் கொன்று எடுத்துச் செல்ல வேண்டிய அவசியமே இல்லை.