மூன்று வருடம் படித்தவன் மறுபடியும் முதலாம் ஆண்டா?

ஒரு நாள் மாலை. குலை வெட்டும் வேலை முடிந்து, குளித்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு ஒரு தகப்பனார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அவர் மகன். தகப்பனார் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பையனின் பிறப்புப் பத்திரம் முதல் டிப்ளோமா வரை அத்தனை காகிதங்களும் அதற்குள் இருந்தன.

“சார், இவன் மூணு வருசம் டிப்ளோமா முடிச்சிட்டான். டிகிரிக்கு நாலு வருசம்னு சொல்றாங்க. அப்போ இன்னும் ஒரு வருசம்தானே பாக்கி? பினாங்கு பெரிய யூனிவர்சிட்டிக்கு மாத்திக் கொடுக்கச் சொல்லி நீங்க ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க சார்.”

மகனும் தலையை ஆட்டினான். அவன் போட்டிருந்த கணக்கும் அதுதான்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இந்தக் கணக்கைப் போட்டிருப்பீர்கள். அதில் தவறு சொல்வதற்கில்லை. நம் தமிழ்ப்பள்ளியில் அப்படித்தானே நடக்கிறது? ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குக் குடி போனால், மாற்றுக் கடிதத்தைக் காட்டியவுடன் நான்காம் ஆண்டுப் பிள்ளையை நான்காம் ஆண்டிலேயே உட்கார வைக்கிறோம். பல்கலைக்கழகத்தில் அப்படி இல்லை. அங்கே ‘மாறுவது’ என்றால் இரண்டு காரியம். முதலில் புதிய மாணவனாக உள்ளே நுழைய வேண்டும். நுழைந்த பிறகுதான், “நான் முன்பு படித்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று கேட்க முடியும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு ஏமாந்தவர்கள் பலர்.

மிண்டன் மேட்டுக் கதை

பினாங்குப் பாலத்துக்குப் பக்கத்தில், குளுகோர் மேட்டில் இருக்கிறதே, அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் ஓர் உயர்கல்விக் கழகம் வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றம் 1962ல் தீர்மானம் போட்டது. சுங்கை ஆராவில் இடம் பார்த்து, 1967ல் துங்கு அப்துல் ரஹ்மான் அடிக்கல் நாட்டினார். ஆனால் பல்கலைக்கழகம் அங்கே எழவில்லை. 1969ல் பினாங்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரோடு, குளுகோரில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் கட்டடத்தில் ஒண்டுக்குடியாக ஆரம்பித்தது. நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகம் அது. முதல் துணைவேந்தர் ஹம்சா செண்டுட். முதல் அணியில் 57 மாணவர்கள்தான் என்றால் நம்புவீர்களா? நம் தோட்டத்துப் பள்ளியில்கூட ஒரு காலத்தில் அதைவிட அதிகம் பிள்ளைகள் இருந்தார்கள்!

1971ல் மிண்டன் மேட்டுக்குக் குடி மாறினார்கள். அது பிரிட்டிஷ் இராணுவத்தின் பாசறையாக இருந்த இடம். மிண்டன் என்பது ஜெர்மனியில் உள்ள ஓர் ஊர். 1759ல் அங்கே நடந்த சண்டையின் ஞாபகமாகச் சிப்பாய்கள் வைத்த பெயர், இன்று நம் பிள்ளைகள் விலாசம் எழுதும்போது எழுதுகிற பெயராகிவிட்டது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறிய பிறகு அது வளர்ந்து, நிபோங் திபாலில் பொறியியல் வளாகமும், கிளந்தான் குபாங் கெரியானில் மருத்துவ வளாகமும் கொண்டிருக்கிறது. 2008ல் அரசாங்கம் அதற்கு ‘ஏபெக்ஸ்’ என்ற தனித் தகுதியையும் கொடுத்தது.

கதவு எங்கே இருக்கிறது?

பொதுவாக அந்தக் கதவை நாம் போய் நேராகத் தட்டுவதில்லை. முழு நேரப் பட்டப் படிப்புக்கு அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் விண்ணப்பங்களைப் பெரும்பாலும் ‘யூபியூ’ என்ற அலுவலகம்தான் வாங்குகிறது. எல்லாம் கணினி வழிதான். எஸ்.டி.பி.எம். முடித்தவர், மெட்ரிகுலேஷன் முடித்தவர், டிப்ளோமா வைத்திருப்பவர் எல்லோரும் பெரும்பாலும் இதே வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். வாத்தியாரின் கடிதமும், யாராவது ஒரு பெரிய மனிதரின் சிபாரிசும் இங்கே வேலைக்கு ஆகாது. (இதைச் சொன்னபோது தகப்பனாரின் முகம் வாடிவிட்டது. அவர் அடுத்தபடியாக ஒரு கிளைத் தலைவரைப் பார்க்கப் போவதாக இருந்தார்.)

விண்ணப்பத்துக்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். எஸ்.பி.எம்.மில் மலாய் மொழியில் கிரெடிட் இருக்க வேண்டும். 2013 முதல் எஸ்.பி.எம். எழுதியவர்களுக்கு வரலாற்றுப் பாடத்திலும் தேர்ச்சி கட்டாயம். மூன்றாவது, ‘மூயெட்’ என்ற ஆங்கிலத் தேர்வு. டிப்ளோமா படிக்கிற பிள்ளைகள் கோட்டை விடுவது இந்த மூயெட்டில்தான். ஆறாம் படிவத்தில் ஆசிரியர் விரட்டி எழுத வைப்பார். கல்லூரியில் விரட்ட ஆள் இல்லை. படிப்பு முடிந்து விண்ணப்பம் போடும் நாளில்தான் ஞாபகம் வரும். அதற்குள் தேர்வுப் பதிவு முடிந்து ஓர் ஆண்டு வீணாகும். டிப்ளோமாவின் இரண்டாம் ஆண்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

36 என்ற எண்

இனி, அந்தத் தகப்பனாரின் ‘மூன்று போக ஒன்று’ கணக்குக்கு வருவோம்.

பட்டப் படிப்பை ஆண்டால் அளப்பதில்லை, புள்ளியால் அளக்கிறார்கள். கிரெடிட் என்பது அதுதான். ஒரு பட்டத்துக்குக் குறைந்தது 120 புள்ளி வேண்டும். டிப்ளோமாவுக்கு 90. “அப்படியானால் 30 புள்ளி படித்தால் போதுமே!” என்று பையன் துள்ளினான். அங்கேதான் முட்டுக்கட்டை. டிப்ளோமாவிலிருந்து பட்டத்துக்குக் கொண்டு போகக்கூடியது, பட்டத்தின் புள்ளியில் நூற்றுக்கு 30 வரைதான் என்பது மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனமான எம்.கியூ.ஏ.யின் விதி. 120ல் நூற்றுக்கு 30 என்றால் 36 புள்ளி. ஏறக்குறைய ஓர் ஆண்டுப் படிப்பு. மூன்று ஆண்டு படித்தவனுக்கு மிஞ்சிப் போனால் ஓர் ஆண்டு மிச்சம்.

அந்த 36ம் தானாக வந்துவிடாது. ஒவ்வொரு பாடமாகத் தராசில் வைப்பார்கள். அந்தப் பாடத்தில் ‘சி’ அல்லது அதற்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். பழைய கல்லூரியில் நடத்திய பாடமும், பல்கலைக்கழகத்தில் நடத்தும் பாடமும் நூற்றுக்கு 80 பங்காவது ஒத்திருக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. ‘கணக்கியல் 1’ என்று இரண்டு இடத்திலும் பெயர் இருக்கும், உள்ளே நடத்தியது வேறாக இருக்கும்.

ஒத்திருக்கிறது என்பதைக் காட்ட வேண்டியது யார்? பிள்ளைதான். அதற்கு மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. ஒவ்வொரு பாடத்துக்கும் என்ன நடத்தினார்கள், எத்தனை மணி நேரம் நடத்தினார்கள் என்ற பாடத்திட்டத் தாள்கள் வேண்டும், கல்லூரி முத்திரையோடு. கல்லூரியை விட்டு வெளியே வருவதற்கு முன்பே இவற்றை வாங்கிவிட வேண்டும். வந்த பிறகு வாங்குவது, சம்பள நாள் கழிந்த பிறகு கடனைத் திருப்பிக் கேட்பது மாதிரி. அலுவலகத்தில் ஆள் மாறியிருப்பார், கல்லூரி இடம் மாறியிருக்கும், சில கல்லூரிகள் மூடப்பட்டே போயிருக்கும்.

நான் செய்த பிழை

இதை எழுதும்போது எனக்கு இன்னொரு முகம் நினைவுக்கு வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் படித்த ஒரு பெண் எஸ்.பி.எம். முடித்தாள். பட்டணத்தில் ஒரு தனியார் கல்லூரி. வண்ண வண்ணமாக விளம்பரத் தாள், குளிர்சாதன வகுப்பு. தாயார் என்னிடம் வந்து, “நல்ல காலேஜா சார்?” என்று கேட்டார். நானும் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, சேர்த்து விடுங்கம்மா” என்று சொல்லிவிட்டேன். தாயார் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையை எல்லாம் அடகுக் கடையில் வைத்தார். டிப்ளோமாவும் வந்தது. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடப் போனபோதுதான் தெரிந்தது, அவள் படித்த படிப்பு எம்.கியூ.ஏ.யின் அங்கீகாரப் பதிவேட்டில் இல்லை. கல்லூரி இருந்தது, அந்தப் படிப்பு இல்லை. மூன்று வருடப் படிப்பும் அரசாங்கத்தின் கண்ணுக்கு ஒரு காகிதம்தான்.

அந்தப் பதிவேடு யாரும் பார்க்கக்கூடியதாகத்தான் கணினியில் கிடக்கிறது. கல்லூரியின் பெயரையும் படிப்பின் பெயரையும் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. நான் பார்க்கவில்லை. ஆகவே உங்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், பணம் கட்டுவதற்கு முன்பு பார்த்துவிடுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். எந்த ஆசிரியரும் பார்த்துச் சொல்வார். கல்லூரியின் பெயர் பதிவேட்டில் இருந்தால் போதாது, உங்கள் பிள்ளை சேருகிற *படிப்பின்* பெயரே இருக்க வேண்டும்.

பஸ் போய்விடுகிறதே!

ஆறாம் படிவம் போகலாமா என்று யோசிக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. செலவு குறைவு, அங்கீகாரத்தைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் அங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. எஸ்.டி.பி.எம். வழியாக விண்ணப்பம் செய்பவரின் தகுதிப் புள்ளியில் 90 பங்கு படிப்புக்கு, 10 பங்கு புறப்பாட நடவடிக்கைக்கு. எஸ்.டி.பி.எம். சராசரி 4.00க்கு 3.50 என்றால், படிப்புக்கு 78.75 கிடைக்கும். புறப்பாடத்தில் 9 வாங்கியவனுக்கு மொத்தம் 87.75. நான்கு மட்டும் வாங்கியவனுக்கு 82.75. இந்த ஐந்து புள்ளியைப் படிப்பிலிருந்து ஈடு கட்ட வேண்டுமானால், சராசரியை 3.50லிருந்து 3.72க்கும் மேலே ஏற்ற வேண்டும். எத்தனை இரவு விழித்துப் படிக்க வேண்டியிருக்கும், யோசித்துப் பாருங்கள்!

நம் பிள்ளைகள் ஏன் அந்தப் பத்தில் கோட்டை விடுகிறார்கள்? சோம்பல் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மத்தியானம் பள்ளி விட்டதும் தோட்டத்துக்குத் திரும்புகிற வேன் கிளம்பிவிடுகிறது. சங்கக் கூட்டமும் விளையாட்டும் பிற்பகல் மூன்று மணிக்கு. இருந்தால் வீடு திரும்ப வழி இல்லை. ஒரு லயத்தில் நாலு வீடு சேர்ந்து, வாரத்தில் ஒரு நாள் மாலை ஒரு மோட்டார் வண்டிக்குப் பெட்ரோல் போட்டால் இது தீரும். டியூஷனுக்கு எத்தனையோ வெள்ளி கொடுக்கிறோமே!

வேலையை விடாமல் படித்தவர்கள்

மிண்டன் மேட்டுக்கு இன்னொரு பாதையும் உண்டு. 1971லேயே அந்தப் பல்கலைக்கழகம், வேலையில் இருப்பவர்கள் வெளியிலிருந்தே படித்துப் பட்டம் வாங்கும் திட்டத்தைத் தொடங்கியது. நாட்டில் அதுதான் முதல். அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்கள். பாடப் புத்தகம் தபாலில் வரும், பள்ளி விடுமுறையில் வளாகத்தில் போய்த் தங்கிப் படிக்க வேண்டும், கடைசி ஆண்டு மட்டும் முழு நேர மாணவராக மிண்டனுக்கே மாறிவிட வேண்டும். அந்த ஓர் ஆண்டுக்காகச் சம்பளமில்லா விடுப்பும், வீட்டில் சிக்கனமும், பிள்ளைகளின் ஏக்கமும் எத்தனை எத்தனை! பிற்காலத்தில் அந்தக் கட்டாயம் நீங்கிவிட்டது. தொலைதூரக் கல்விப் பிரிவாக அது இன்றும் நடக்கிறது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்விப் பணி செய்தவர்தான் கஜராஜ் தனராஜன். பிறகு ஹாங்காங் சென்று, அங்கிருந்து கனடாவில் தலைமையகம் உள்ள காமன்வெல்த் நாடுகளின் தொலைதூரக் கல்வி அமைப்புக்கு 1995 முதல் 2004 வரை தலைவராக இருந்து, ஜார்ஜ்டவுனில் வவாசான் திறந்த பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் துணைவேந்தராக வந்தார். நம்மவர் ஒருவர்.

21 வயது நிரம்பி, வேலை அனுபவம் உள்ளவர்களை, அந்த அனுபவத்தையே மதிப்பிட்டுப் பட்டப் படிப்பில் சேர்க்கிற ‘ஏபெல்’ என்ற முறையும் இப்போது இருக்கிறது. நான் சொன்னேனே அந்தப் பெண், அவள் இன்று பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு, இந்த வழியாகச் சேர்ந்து இரவில் படிக்கிறாள். தீபாவளிக்கு வந்தபோது என்னைப் பார்க்க வந்தாள். பழையதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் பேசவில்லை.

பணத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். 1997 முதல் பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறது. கடன் என்பதை மறக்க வேண்டாம், திருப்பிக் கட்ட வேண்டியது. துன் சம்பந்தன் 1960ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் உங்கள் தகப்பனாரோ தாத்தாவோ பங்கு வைத்திருந்தால், அந்தப் பழைய புத்தகத்தைத் தேடி எடுங்கள். அங்கத்தினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. பினாங்கு மக்கள் இந்து அறப்பணி வாரியத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

பிளாஸ்டிக் பையோடு வந்த பையனின் கதை என்ன ஆயிற்று? அவன் படிப்பு பதிவேட்டில் இருந்தது. அன்றிரவே பார்த்துவிட்டோம். மூயெட் எழுதாமல் விட்டிருந்தான். அதனால் ஓர் ஆண்டு போயிற்று. அந்த ஓர் ஆண்டில் தகப்பனாரோடு காட்டுக்குப் போய்க் குலை பொறுக்கினான், மூன்று தடவை கல்லூரிக்கு அலைந்து 22 பாடத்துக்கும் பாடத்திட்டத் தாளை முத்திரையோடு வாங்கி வந்தான். விண்ணப்பத்தில் ஐந்தாவதாகப் போட்டிருந்த படிப்பு மிண்டனில் கிடைத்தது. புள்ளி மாற்றத்துக்கு 12 பாடம் கொடுத்தான், எட்டுப் பாடத்தை ஏற்றுக்கொண்டார்கள். 24 புள்ளி.

தகப்பனார் மறுபடியும் என் வீட்டுக்கு வந்தார். இம்முறை கையில் பை இல்லை, ஒரு சீப்பு வாழைப்பழம்.

“அப்போ எவ்வளவு மிச்சம் சார்?”

“ஒரு வருசத்துக்குக் கொஞ்சம் குறைவுங்க.”

அவர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். பிறகு, பட்டர்வொர்த்தில் இறங்கினால் பெர்ரியில் போவது நல்லதா, பாலத்தில் போகும் பஸ்ஸில் போவது நல்லதா என்று கேட்டார். பெட்டி கனமாக இருந்தால் பஸ்ஸே நல்லது என்றேன்.