மண்ணின் இயல்பும் கரையின் வலிமையும்

ஒடிசா மாநிலத்தில் சம்பல்பூர் நகருக்கு அருகே, மகாநதியின் குறுக்கே ஹிராகுட் அணை அமைந்துள்ளது. 1957ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட இவ்வணை, இருபுறக் கரைகளையும் சேர்த்து 25.8 கிலோமீட்டர் நீளமுடையது. இந்நீளத்தின் பெரும்பகுதி மண்ணால் ஆனது. மண்வெட்டிக்கு எளிதில் இடங்கொடுக்கும் மண், ஒரு பேராற்றைத் தடுத்து நிறுத்துவது எவ்வாறு? மண்ணின் இயல்பறிந்து அதனை இறுக்கும் முறையே இதற்கு விடை.

இறுக்குதல் என்பது யாது?

வெட்டியெடுத்த ஒரு கூடை மண்ணில் இருப்பது மண் மட்டுமன்று. அதன் துகள்களுக்கு இடையே காற்றும் நீரும் உள்ளன. காற்றை வெளியேற்றித் துகள்களை நெருங்கச் செய்வதே மண்ணை இறுக்குதல் ஆகும். முற்காலத்தில் திமிசுக்கட்டையால் இடித்தும், கால்நடைகளை நடக்கவிட்டும் இதனைச் செய்தனர். இன்று உருளை இயந்திரங்கள் இப்பணியைச் செய்கின்றன.

இறுக்காமல் கொட்டிய மண்ணால் இரு தீங்குகள் விளையும். ஒன்று, கரை நாளடைவில் அமிழும். மற்றொன்று, இடைவெளிகளின் வழியே நீர் கசிந்து, துகள்களைச் சிறிது சிறிதாக அரித்துச் செல்லும்.

நீரின் அளவு

புட்டுக்கு மாவு விரவுவோர் நீரை அளவறிந்து தெளிப்பர். நீர் குறைந்தால் மாவு பிடிபடாது, மிகுந்தால் குழைந்துவிடும். மண்ணும் அத்தகையதே. உலர்ந்த மண்ணில் துகள்கள் உராய்ந்து நெருங்க மறுக்கும். அளவான நீர் அவற்றை வழுக்கி நகரச் செய்யும். நீர் மிகுந்தாலோ, துகள்கள் சேரவேண்டிய இடத்தை அதுவே அடைத்துக்கொள்ளும்.

அமெரிக்கப் பொறியாளர் பிராக்டர் இவ்வுண்மையை அளந்தறியும் ஆய்வுமுறையை 1933இல் வெளியிட்டார். இந்தியாவில் வழங்கும் முறைப்படி, ஓர் உருளைக் கலத்தில் மண்ணை 3 அடுக்குகளாக இட்டு, 2.6 கிலோகிராம் எடையுள்ள இடிகட்டையை 31 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து அடுக்கிற்கு 25 முறை விழச்செய்வர். ஈரத்தின் அளவை மாற்றி மாற்றி இதனைச் செய்வர். எந்த ஈரத்தில் மண் மிக நெருக்கமாக இறுகுகிறதோ, அதுவே அம்மண்ணின் உகந்த ஈரப்பதம். இது மண்ணுக்கு மண் வேறுபடும்.

மண்ணுக்கேற்ற முறை

களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை, ஒன்றையொன்று பற்றிக்கொள்பவை. ஆகவே, கட்டிகளை உடைத்துப் பிசைந்து அழுத்த வேண்டும். இதற்கு ஆட்டுக்கால் உருளை ஏற்றது. அதன் மேற்பரப்பில் ஆட்டின் குளம்பு போன்ற இரும்புக் கால்கள் நிறைந்திருக்கும். அவை முதலில் ஆழப் பதிந்து அடுக்கின் அடிப்பகுதியை இறுக்கும். உருளை மீண்டும் மீண்டும் செல்லச்செல்ல, மண் இறுகி, கால்கள் பதியும் ஆழம் குறைந்துகொண்டே வரும்.

மணல் துகள்களுக்கு இடையே பற்று இல்லை. ஆட்டுக்கால் உருளை மணலைக் கிளறுமேயன்றி இறுக்காது. படியில் அரிசி அளக்கும்போது படியைத் தட்டினால், அரிசி தாழ்ந்து மேலும் இடம் உண்டாகும். மணலும் அவ்வாறே அதிர்வால் இறுகும். எனவே, அதற்கு அதிர்வு உருளையைப் பயன்படுத்துவர்.

வண்டல், ஆறுகள் சுமந்து வந்து படியவிடும் மென்மண். ஈரம் சிறிது மிகுந்தாலும், உருளையின் கீழ் மெத்தை போல அமிழ்ந்து எழும். ஓடும் நீரில் எளிதில் கரையும். ஆதலால் இதன் ஈரத்தை அடிக்கடி அளந்தறிவர். கரையின் சரிவுகளில் புல்லையோ கல்லையோ பதித்துக் காப்பர்.

மகாராட்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் பரந்து கிடக்கும் கரிசல், மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். இதனை மிக உலர்ந்த நிலையில் இறுக்கினால், பின்னர் நீர் பட்டதும் மிகுதியாக உப்பும். எனவே, போதிய ஈரத்துடன் இறுக்குவர். சாலைக்கரையின் மேற்பகுதியில் இதனைத் தவிர்ப்பர். அல்லது சுண்ணாம்பு கலந்து பயன்படுத்துவர்.

ஒவ்வொரு மண்ணுக்கும் உரிய இடம் உண்டு. உத்தரகாண்டில் பாகீரதி ஆற்றின் மீதுள்ள தெஹ்ரி அணை 260.5 மீட்டர் உயரமுடையது. அதன் நடுவே நீர் கசியாத களிமண் கலந்த மண்ணும், இருபுறமும் எடைமிக்க சரளையும் பாறையும் இடப்பட்டுள்ளன. ஒன்று நீரைத் தடுக்கிறது. மற்றொன்று அதனைத் தாங்கி நிற்கிறது.

புதைந்துபோகும் அடுக்கு

மண் முழுவதையும் ஒரே முறையில் கொட்டி மேலே உருட்டினால் மேற்பகுதி மட்டுமே இறுகும். ஆகையால், ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அளவுள்ள அடுக்குகளாகக் கரையை உயர்த்துவர். ஓர் அடுக்கு முடிந்ததும் அதில் சிறு குழி தோண்டி, எடுத்த மண்ணின் எடையையும் ஈரத்தையும் அறிவர். குழியில் மணலை நிரப்பி அதன் கொள்ளளவைக் கணிப்பர். சாலைக்கரைகளில், ஆய்வகத்தில் பெற்ற உச்ச அடர்த்தியில் பொதுவாக 95 விழுக்காடேனும் இருத்தல் வேண்டும். குறைந்தால் மீண்டும் உருட்டுவர். அதன் பின்னரே அடுத்த அடுக்கை இடுவர்.

கரையின் ஓரிடம் தாழ்ந்தாலும் விளைவு பெரிது. 1961 ஜூலை 12 அன்று, புனே நகருக்கு அருகே கட்டி முடிக்கப்பெறாத பான்ஷெட் மண் அணையில் முதன்முறையாக நீர் தேங்கியிருந்தது. மதகுப் பாதைக்கு மேலிருந்த கரைப்பகுதி அமிழ்ந்தது. தாழ்ந்த இடத்தின் வழியே நீர் வழிந்து அணையை உடைத்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த கடக்வாசலா அணையும் உடைய, புனே நகரின் ஆற்றோரப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின.

கரை எழுந்தபின் கண்ணுக்குத் தெரிவது அதன் மேற்பரப்பு மட்டுமே. அடியில் புதைந்த ஓர் அடுக்கைப் பின்னர் எவரும் எளிதில் திருத்த இயலாது. பார்ப்பவர் இல்லாத இடத்திலும் ஒவ்வோர் அடுக்கையும் செம்மையாக இறுக்கிய பணியாளரின் உழைப்பே, கரைக்கு அப்பால் வாழ்வோரின் உறக்கத்தைக் காக்கிறது.

சொல்லும் பொருளும்

திமிசுக்கட்டை – மண்ணை இடித்து இறுக்கும் கருவி
கரிசல் – கருநிற மண்
உகந்த – ஏற்ற, பொருத்தமான
மதகு – அணையிலிருந்து நீர் வெளியேறும் வழி

வினாக்கள்

1. இறுக்கப்படாத மண்ணால் விளையும் இரு தீங்குகள் யாவை?
2. மணலுக்கு ஆட்டுக்கால் உருளை பொருந்தாதது ஏன்?
3. தெஹ்ரி அணையின் நடுவிலும் இருபுறமும் வெவ்வேறு பொருள்களை இட்டதன் காரணத்தை விளக்குக.
4. நும் ஊரில் காணப்படும் மண்வகை யாது? வீட்டில் உள்ள பெரியோரிடம் அவர்தம் சொந்த ஊரின் மண்வகையைக் கேட்டறிந்து, இரண்டையும் ஒப்பிட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.