துப்பாக்கி ஏன் உதைக்கிறது?

வெயில் ஏறிய நேரத்தில் பால்மரக் காட்டில் ‘பட்’டென்று ஒரு சத்தம் கேட்கும். முற்றிக் காய்ந்த ரப்பர் காய் வெடித்து, உள்ளே இருந்த கொட்டைகள் ஆளுக்கொரு பக்கம் பறக்கும். நெகிரி செம்பிலானில் பல தோட்டங்கள் இன்று செம்பனைக்கு மாறிவிட்டன. ஆனாலும் உங்கள் தாத்தா பாட்டிக்கு அந்தச் சத்தம் நன்றாக நினைவிருக்கும்.

வெடிக்கும் பொருளின் ஒரு துண்டு ஒரு பக்கம் பாய்ந்தால், மற்றவை எதிர்ப்பக்கம் தள்ளப்படும். துப்பாக்கியிலும் இதுவேதான் நடக்கிறது. குண்டு முன்னே பாய்கிறது, துப்பாக்கி பின்னே உதைக்கிறது. இதைப் பின்னுதைப்பு என்கிறோம்.

தோட்டத்துக்கு வந்த துப்பாக்கி

1948 ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. தோட்டங்களைக் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் சேர்க்கப்பட்டு, அவர்களிடம் .303 ரைபிள்கள் கொடுக்கப்பட்டன. தோட்டத் துரைமார் பலர் இடுப்பில் ரிவால்வரோடு நடமாடினார்கள். காவல் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே பலகைச் சுவர் லயங்களில் குடும்பங்கள் வாழ்ந்தன. குறி தவறிய ஒரு குண்டு யார் வீட்டுக்குள் போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே, உதைப்பைக் கட்டுப்படுத்துவது சுடுபவரின் தோள்வலியோடு மட்டும் முடிகிற விஷயமல்ல.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நிறையை வேகத்தால் பெருக்கினால் உந்தம் கிடைக்கும். .357 மேக்னம் என்ற தோட்டாவை 1935இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் தன் ரிவால்வரோடு அறிமுகம் செய்தது. அதன் குண்டு சுமார் 10 கிராம். வேகம் விநாடிக்குச் சுமார் 380 மீட்டர். ரிவால்வரின் எடை 1 கிலோ என்று கொள்வோம்.

0.01 × 380 = 3.8. ஆகவே ரிவால்வர் விநாடிக்கு 3.8 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி வரும். வெடிமருந்து வாயுவின் உந்தத்தையும் சேர்த்தால் வேகம் இன்னும் கூடும்.

அதே எடையுள்ள குண்டைப் பழைய .38 ஸ்பெஷல் தோட்டா விநாடிக்குச் சுமார் 230 மீட்டர் வேகத்தில்தான் செலுத்துகிறது. அப்போது ரிவால்வரின் வேகம் 2.3 மீட்டர். வித்தியாசம் இரண்டு மடங்குகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ரிவால்வருக்குக் கிடைக்கும் ஆற்றல் 2.6 ஜூலிலிருந்து 7.2 ஜூலாக உயர்கிறது. ஏறக்குறைய மூன்று மடங்கு!

உதைப்பை அழிக்க முடியுமா?

முடியாது. உந்தம் காக்கப்படும் என்பது இயற்கையின் விதி. உதைப்பைப் பங்கிட்டு வாங்கிக்கொள்ளத்தான் முடியும்.

முதல் வழி, நிறை. .303 ரைபிள் குண்டின் உந்தம் சுமார் 8. மேக்னத்தைவிட இரு மடங்குக்கும் மேல். ஆனால் அந்த ரைபிள் 4 கிலோ எடையுள்ளது. அதனால் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில்தான் பின்னே வருகிறது.

இரண்டாவது வழி, நேரம். வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுக்கிறோம் அல்லவா? நிற்கும் நேரம் கூடினால் விசை குறையும். நமது 1 கிலோ ரிவால்வர் 0.02 விநாடியில் நின்றால் கைக்குச் சராசரியாக 190 நியூட்டன் விசை, 0.04 விநாடியில் நின்றால் 95 நியூட்டன்தான். ரிவால்வரின் பிடியில் ரப்பர் உறை போடுவதும், முழங்கையை விறைக்காமல் வைப்பதும் இதற்காகவே.

மூன்றாவது வழி, பரப்பு. இதற்கு மலாயாவே பாடம் சொன்னது. காட்டில் தூக்கிச் செல்ல வசதியாக 1944இல் உருவாக்கப்பட்ட ‘ஜங்கிள் கார்பைன்’ என்ற ரைபிள், அவசரகாலத்தில் இங்கே பயன்பட்டது. எடை 3.2 கிலோ; குண்டோ அதே .303. எடை குறைந்ததால் உதைப்பின் ஆற்றல் சுமார் கால் பங்கு கூடியது. அதைத் தணிக்கப் பின்முனையில் ரப்பர் திண்டு வைத்தார்கள். ஆனால் திண்டு குறுகலாக இருந்ததால் விசை தோளில் சிறிய இடத்திலேயே குவிந்தது. நாளடைவில் ரப்பரும் இறுகிக் கெட்டியானது. உதைப்பு குறையவில்லை.

நான்காவது வழி, திருப்புத்திறன். ரிவால்வரின் குழல் கைக்கு மேலே இருப்பதால், உதைக்கும்போது முனை மேலே எழும்புகிறது. பிடியை இயன்றவரை மேலே, இரு கைகளாலும் பற்றினால் அந்த இடைவெளி சுருங்கி, எழும்புவதும் குறைகிறது.

மனமும் உதைக்கும்

முனை முழுமையாக எழும்புவதற்குள் குண்டு குழலை விட்டுப் போய்விடுகிறது. பிறகு ஏன் குறி தவறுகிறது? ‘இதோ உதைக்கப் போகிறது’ என்ற பயத்தில், வெடிப்பதற்கு முன்பே கை தானாக முனையைக் கீழே அழுத்திவிடுகிறது. இதனால்தான் பயிற்சியாளர்கள் மேக்னம் ரிவால்வரில் முதலில் .38 ஸ்பெஷல் தோட்டாக்களைப் போட்டுப் பழக்குகிறார்கள்.

தலைகீழாகச் செய்வது ஆபத்து. பழைய .38 ரிவால்வர் மேக்னத்தின் அழுத்தத்தைத் தாங்காது. அதற்குள் நுழையாதபடி, மேக்னம் தோட்டாவின் கூட்டைச் சுமார் 3 மில்லிமீட்டர் நீளமாக வடிவமைத்தார்கள். ஒரு சிறிய நீளம் உயிரைக் காக்கிறது.

நம் நாட்டில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது கடுங்குற்றம். ஆனால் இந்தப் பாடத்துக்குத் துப்பாக்கி தேவையில்லை. மோட்டார் சைக்கிளில் ஏறும்போது தலைக்கவசத்தின் உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். தலை நிற்கும் நேரத்தை நீட்டவும், விசையை அகலமாகப் பரப்பவும்தான் அந்த நுரைப் பஞ்சு அங்கே இருக்கிறது. வாரைச் சரியாகப் பூட்டாவிட்டால் அந்த விதி உங்களுக்கு உதவ முடியாது.