யார் யாருக்கு ஒத்துப்போவது?

'புலம்பெயர்ந்த முஸ்லிம்கள் நகரவாழ்வுக்குத் தங்களைத் தகவமைத்துக்கொள்கிறார்களா?' என்ற கேள்வி ஐரோப்பியச் சூழலில் ஓயாமல் எழுப்பப்படுகிறது. கேள்விக்குள்ளேயே ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. நகரம் ஏற்கனவே கட்டிமுடிக்கப்பட்ட ஒன்று, வந்தவன்தான் வளையவேண்டும் என்பதே அது. கிழக்கு லண்டனின் வரலாறு இதைத் தலைகீழாக்குகிறது என்பேன்.

பிரிக் லேன் தெருவில் 1743இல் ஒரு தேவாலயம் எழுந்தது. பிரான்சின் மத ஒடுக்குமுறைக்குத் தப்பிவந்த ஹ்யூகனாட்டுகள் கட்டியது. பிறகு அது மெதடிஸ்ட் ஆலயம். 1898இல் யூதர்களின் தொழுகைக்கூடம். 1976இல் பள்ளிவாசல். சுவர் அதேதான். அப்படியானால் இங்கே 'மண்ணின் மைந்தன்' யார்?

பள்ளிவாசலாக்கியவர்கள் சில்ஹெட் பகுதி வங்காளிகள். பிரிட்டிஷ் கப்பல்களில் கரி அள்ளிப்போட்ட 'லஸ்கர்'கள் இவர்களின் முன்னோடிகள். துறைமுகத்தில் நழுவி இறங்கியவர்கள் வழியாகத்தான் ஊருக்கும் லண்டனுக்கும் தடம் விழுந்தது. 'ஏன்யா இங்க வந்தே?' என்று கேட்கிறவர்கள், கப்பல் யாருடையது என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

தொடக்கத்தில் ஆண்கள் மட்டும், ஒரே அறையில் பலராக. 1962ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் போய்வரும் வழியை இறுக்கியது. சம்பாதித்துத் திரும்ப நினைத்தவர்கள் தங்கிவிட்டார்கள். 1970களிலும் 80களிலும் மனைவி மக்கள் வந்துசேர்ந்தார்கள். தடுக்கப் போட்ட சட்டமே நிரந்தரக் குடியேற்றத்துக்குத் தூண்டுதலாயிற்று.

அரசு வீடு எளிதில் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் இனவெறித் தாக்குதல் நடக்கும் குடியிருப்பில் தனித்துவிடப்பட்டார்கள். எனவே காலிக் கட்டடங்களுக்குள் புகுந்து குடியேறினார்கள். 1976இல் வங்காளி வீட்டுவசதிச் செயற்குழு உருவானது. சேர்ந்து வாழ்வது மதப் பிடிவாதமல்ல, உயிர்ப் பாதுகாப்பு. 1978 மே 4 அன்று அல்தாப் அலி என்ற இளம் தையல் தொழிலாளி தெருவில் கொல்லப்பட்டார். பத்து நாள் கழித்து, அவரது சவப்பெட்டியின் பின்னே ஏறத்தாழ 7000 பேர் ஊர்வலம் போனார்கள். அவர் விழுந்த இடத்தருகே இருந்த பூங்காவுக்கு 1998இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பெயர்ப்பலகை சும்மா கிடைக்கலை.

இதோடு நிறுத்திக்கொண்டால் அது வெறும் வீரகதை. சமூகத்தின் உள்ளேயும் பார்க்கவேண்டும். நைலா கபீரின் ஆய்வு (2000) ஒரு முரணைக் காட்டுகிறது. டாக்காவில் பெண்கள் வீட்டைவிட்டு வெளியேறி ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போனார்கள். 'நவீன' லண்டனிலோ வங்காளப் பெண்கள் வீட்டுக்குள் தையல் எந்திரத்தின்முன் துண்டுக்கூலிக்கு உட்கார்ந்தார்கள். தெருவில் இனவெறி, வாசலில் சொந்த ஊராரின் கண்காணிப்பு. இரண்டும் சேர்ந்தே கதவைச் சாத்தின. ஒன்றைப் பேசி மற்றதை மறைப்பவர்கள், வெள்ளை இனவாதிகளானாலும் சமூகப் பெரியவர்களானாலும், அந்தப் பெண்ணின் கூலியைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆகவே 'தகவமைந்தார்களா?' என்பதை விட்டுவிடுவோம். வீட்டை யார் ஒதுக்குகிறார்கள், இரவில் தெருவில் யாரால் நடக்கமுடிகிறது, தைத்த சட்டைக்கு யார் விலை வைக்கிறார்கள் என்று கேட்போம். இவற்றுக்கு 'கலாச்சாரம்' என்ற ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது.