எழுதுவோனுக்கு எத்தனை கருவி?

1982ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து நியூ யோர்க் நகருக்கு ஒரு நாவல் புறப்பட்டது. கட்டுக் கட்டான தாள்களாக அன்று. ஐந்து அங்குல நெகிழ்வட்டு ஒன்றினுள் அடங்கிச் சென்றது. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் இயற்றிய '2010: ஒடிசி டூ' என்னும் நூலே அது. இறுதி நேரத் திருத்தங்கள் பாதுக்கைப் புவிநிலையத்தினூடாகச் செய்மதி வழியே அனுப்பப்பெற்றன. அந்நூலை எழுத அவர் கையாண்டவை ஆர்க்கைவ்ஸ் 3 என்னும் சிறு கணினியும், வேர்ட்ஸ்டார் என்னும் சொற்செயலியுமாம்.

வேர்ட்ஸ்டார் 1978இல் வெளிவந்தது. 64 கிலோபைட் நினைவகமுள்ள பொறியில் இயங்கியது. அதற்குச் சுட்டெலி தேவையில்லை. கட்டுப்பாட்டு விசையோடு இடக்கை விரல்களுக்கு எட்டும் நான்கு எழுத்துகளைச் சேர்த்தழுத்தினால் சுட்டி நாற்றிசையும் நகரும். எழுதுபவரின் கை விசைப்பலகையை விட்டு அகலாது. இன்று சாதாரணக் கைத்தொலைபேசியின் நினைவகங்கூட அதனிலும் பல்லாயிரம் மடங்கு பெரிது. ஆயினும் எழுதும் வேலை அத்தனை மடங்கு எளிதாயிற்று என்று எவரும் சொல்லத் துணியார். அமெரிக்க நாவலாசிரியர் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், இணையத் தொடர்பற்ற பழைய கணினியொன்றில் வேர்ட்ஸ்டாரின் நான்காம் பதிப்பைக் கொண்டே எழுதுவதாக 2014இல் தொலைக்காட்சியிற் கூறினார். தட்டிய சிற்றெழுத்தைத் தாமே பேரெழுத்தாக்கும் புதிய செயலிகள் அவருக்கு உவப்பானவையல்ல.

இதனைக் கேட்டுப் பழங்கணினியைத் தேடிப் புறப்பட வேண்டுவதில்லை. வேர்ட்ஸ்டாருக்கும் ஒரு குறை இருந்தது. அது தன் கோப்புகளிற் பல சொற்களின் ஈற்றெழுத்தில் தன் சொந்தக் குறியொன்றைப் பொதிந்து வைத்தது. அக்கோப்பை வேறொரு செயலியில் திறந்தால் சொல்லின் கடைசி எழுத்துச் சிதைந்து தோன்றும். கருவி நல்லதாயினும், அதனுள் வைத்த எழுத்து அதனிடமே சிறைப்பட்டது.

தமிழில் எழுதுவோர் இதனிலும் பெரிய இடரை அறிவர். பாமினி எழுத்துருவில் தட்டப்பட்ட கட்டுரைகள் எத்தனை! அதிலே திரையில் 'அ' எனத் தோன்றுவது, கோப்பினுள்ளே ஆங்கில 'எம்' எழுத்தாகவே கிடக்கின்றது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே எஞ்சும். 1991இல் வந்த யுனிக்கோட் முறையோ 'அ'வுக்கு 2949 என்னும் தனி எண்ணையே வகுத்துள்ளது. எழுத்துரு மாறலாம்; எண் மாறாது.

ஆதலால், செயலியைத் தெரிவதற்கு முன்னர் கோப்பின் வடிவைத் தெரிதல் வேண்டும். யுனிக்கோட்டில் அமைந்த வெற்று உரைக்கோப்பே எழுத்துக்கு உறுதியான இருப்பிடம். அதனைத் திறக்காத கணினி இன்று அரிது. இலட்சம் சொற்கள் கொண்ட தமிழ் நாவலும் அதில் ஏறத்தாழ 3 மெகாபைட் இடத்தையே கொள்ளும். தடித்த எழுத்தும் அடிக்குறிப்பும் அதில் இல்லை என்பது மெய்தான். முதல் வரைவுக்கு அவை தேவையுமில்லை.

இவ்வாறு தெரிந்தபின், கருவிகள் தாமே குறைந்துவிடுகின்றன. வரைவுக்கு, கணினியோடு வரும் எளிய உரைதிருத்தி. அச்சுக்கோ அலுவலகத்துக்கோ அனுப்பும் இறுதி வடிவுக்கு ஒரு சொற்செயலி. லிப்ரே ஒபிஸ் இலவசமாகக் கிடைப்பது, அது பயன்படுத்தும் கோப்பு வடிவும் 2006 முதல் சர்வதேச நியமமாக உள்ளது. மின்னஞ்சலும் நாட்காட்டியும் எவருக்கும் வேண்டும். கணக்குப் பார்ப்பவர் விரிதாளையும் சேர்த்துக்கொள்ளலாம். குறிப்பெடுக்க ஒன்று, பணிப்பட்டியலுக்கு ஒன்று, எழுதும்போது மனத்தை ஒருமுகப்படுத்த இன்னொன்று என வாங்கிச் சேர்ப்பவர், எழுதும் நேரத்தைக் கருவிகளை ஒழுங்குபடுத்துவதிலேயே கழிப்பர். வீடு கூட்டப் பத்துத் தும்புத்தடி வாங்கியவர் கதைதான்.

புதிய செயலியொன்று கவர்ச்சியாகத் தோன்றின், முதல்நாளே ஒரு பக்கத்தை அதில் எழுதி, அதனை வெளியே எடுத்து வேறொரு செயலியில் திறந்து பார்த்தல் நன்று. இணையத்தைத் துண்டித்தும் ஒருமுறை சோதித்தல் வேண்டும். மாதச் சந்தா நின்றபின் எழுதியவை கைக்கு வருமா என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். பலர் இவ்வினாவைச் சந்தா நின்ற பின்னரே கேட்கின்றனர்.

படியெடுத்து வைத்தலுக்கும் தனிச்செயலி வேண்டியதில்லை. கோப்புகளை வெளிவட்டொன்றிலும், வீட்டுக்கு வெளியே வேறோரிடத்திலும் பிரதி செய்து வைத்தாற் போதும்.

பாமினியில் எழுதிய பழைய கோப்புகள் வீட்டில் இருப்பின், அவற்றை யுனிக்கோட்டுக்கு மாற்றும் இலவச மாற்றிகள் இணையத்தில் உள்ளன. மாற்றியபின் கொம்புள்ள எழுத்துகளையும், இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களையும் கண்ணால் ஒருமுறை சரிபார்த்தல் வேண்டும். மாற்றிகள் பெரும்பாலும் தடுமாறுவது அவ்விடங்களிலேதான். மூலக்கோப்பை அதுவரை அழிக்கலாகாது.