சாற்று உபவாசமும் கசந்த சுரைக்காயும்

தேகத்தைச் சுத்தி செய்வதாக எண்ணிச் சில தினங்கள் அன்னத்தை நீக்கிச் சாறு மட்டும் பருகும் வழக்கம் நம் கிராமங்களிலும் பரவி வருகிறது. கழிவுகளை அகற்றும் வேலையை ஈரலும் சிறுநீரகங்களும் தினந்தோறும் செய்துகொண்டேயிருக்கின்றன. அதற்குச் சாறு வேண்டியதில்லை. பழத்தைப் பிழிந்தால் நார் சக்கையோடு போய்ச் சர்க்கரை தம்ளரில் தங்குகிறது. குறைத்துக்கொள்ள வேண்டிய சர்க்கரைகளோடு சாற்றின் சர்க்கரையையும் உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ஆம் வருஷத்தில் சேர்த்தது, முழுப்பழத்தைச் சேர்க்கவில்லை. சக்கையைத் தின்னும் மாட்டிற்கே லாபம் அதிகம் போலும்!

இதனினும் கவலைக்குரியது சுரைக்காய்ச் சாறு. 2010-இல் டில்லியில் கசந்த சுரைச்சாற்றைப் பருகிய விஞ்ஞானி ஒருவர் உயிர் துறந்தார். கசப்பிற்குக் காரணமான குகர்பிட்டாசின் என்னும் விஷத்திற்கு மாற்று மருந்து கிடையாது. கறியில் கசப்புத் தட்டினால் எவரும் உமிழ்ந்துவிடுவர். சாற்றையோ, கசப்பே மருந்தின் குணமென்று கருதி ஒரே மூச்சில் குடித்துவிடுகின்றனர்.

கசந்த காயும் நல்ல காயும் பார்வைக்கு ஒன்றே. ஆகையால் பயிரிடுவோர் சந்தைக்கு அனுப்புமுன் கொடிக்கு ஒரு காயையேனும் அரிந்து, சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட வேண்டும். கசந்தால் அக்கொடியைப் பிடுங்கி எறிக. அதன் விதையைச் சேமிக்கலாகாது. வேலியோரத்துப் பேய்ச்சுரையையும் விட்டுவைக்கலாகாது. பூச்சிகளால் மகரந்தம் கலந்து, அடுத்த விதைப்பில் கசப்பு வெளிப்படும். வீட்டிலும் ஒவ்வொரு காயையும் ருசி பார்த்தே சமைக்க வேண்டும். சாறு பருகியவருக்கு வாந்தியோ இரத்தபேதியோ கண்டால், கைமருந்தில் காலம் போக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கிராம உத்தியோகஸ்தர்கள் ஏற்பாடு செய்வார்களாக.