பெட்டி போட்டால் போதுமா?

காரின் வேகத்தைத் தானே சீராக வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோல் போன்ற மென்பொருள்களைப் பல பொறியாளர்கள் வரிவரியாக எழுதுவதில்லை; வரைகிறார்கள். சிமுலிங்க் என்ற கருவியில் கூட்டலுக்கு ஒரு கட்டம், பெருக்கலுக்கு ஒரு கட்டம். இடையே கோடு இழுத்தால் எண் அதன் வழியே பாயும். படம் முடிந்ததும் அதிலிருந்து சி மொழி நிரலைக் கணினியே உருவாக்கித் தரும்.

கட்டங்கள் ஆயிரக்கணக்கில் பெருகும்போது கோடுகள் சிக்கிய நூல்கண்டாகிவிடும். உடனே கை கன்ட்ரோல்-ஜி விசைக்குப் போகும். தேர்ந்தெடுத்த கட்டங்களை அது ஒரே பெட்டிக்குள் அடைக்கும். திரை சுத்தமாகும், சிக்கு பெட்டிக்குள் அப்படியே கிடக்கும்.

எதை எதோடு சேர்த்து அடைப்பது? 1972இல் டேவிட் பார்னஸ் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் விடை இருக்கிறது: வேலை நடக்கும் வரிசைப்படி பிரிக்காமல், பின்னால் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு கூறுக்குள் மறைத்து வைக்க வேண்டும். எழுத்து நிரலுக்குச் சொன்னது படத்துக்கும் பொருந்தும். உதாரணமாக, சக்கரத்தோடு சுழலும் பல் வளையத்தின் ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது உணரி ஒரு துடிப்பைத் தருகிறது. சுற்றுக்கு 48 துடிப்பு என்று வைத்துக்கொள்வோம். பிரேக், குரூஸ் கன்ட்ரோல், வேகமானி மூன்றும் அந்த 48ஐத் தனித்தனியே வைத்துக் கணக்கிட்டால், வளையம் மாறும் நாளில் மூன்று இடத்தில் திருத்த வேண்டும். ஓரிடம் விட்டுப்போனால் ஆபத்து. துடிப்பிலிருந்து வேகத்தைக் கணக்கிடும் வேலையை ஒரே பெட்டி செய்து, வேகத்தை மட்டும் வெளியே தந்தால், எத்தனை பல் என்ற கவலை மற்றவற்றுக்கு இல்லை.

எனக்குப் பெரிய உறுத்தல் வேறொன்று. பெட்டியின் விளிம்பிலுள்ள போர்ட்டுகளைப் பார்த்து, உள்ளே போவதும் வெளியே வருவதும் இவ்வளவுதான் என்று நம்புகிறோம். ஆனால் கோடே இல்லாமல் எண்ணைக் கடத்தவும் வழி உண்டு. கோட்டோ, ஃப்ரம் கட்டங்கள் பெயரை மட்டும் வைத்து இணைகின்றன. டேட்டா ஸ்டோர் பொது நினைவகமாக நிற்கிறது. பார்த்தவுடன் புரியும் என்பதற்காகத்தானே படமே வரைகிறோம்! தவிர்க்க முடியாத இடத்தில், பெட்டி தொடும் அத்தகைய பெயர்களையெல்லாம் அதன் உச்சியிலேயே எழுதிவைக்க வேண்டும்.

இன்னும் உறுதியான வேலி மாடல் ரெஃபரன்ஸ். அதில் ஒவ்வொரு கூறும் தனிக் கோப்பு. கோட்டோவால் அதன் எல்லையைத் தாண்ட முடியாது. ஒருவர் பிரேக்கைத் திருத்தும் அதே நேரத்தில், இன்னொருவர் குரூஸ் கன்ட்ரோலைத் தனியாக ஓட்டிச் சோதிக்கலாம்.